கொக்கியின் மேல் பழி

சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு வின்செஸ்டர் ரைபிளை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அதன் நாயகர்களில் ஒருவரான டெக்ஸ் வில்லர் விசைக்கு அடியில் இருக்கும் வளையத்தில் விரல்களை நுழைத்து லீவரை முன்னால் தள்ளுவார், பின்னால் இழுப்பார், அடுத்த தோட்டா தயார். சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெறுங்கூடு படக்கட்டத்துக்கு வெளியே எங்கோ பறந்து போயிருக்கும். அது எப்படி வெளியே வந்தது என்று நாம் கேட்டதே இல்லை. நிஜ ரைபிளில் அது சில சமயம் வராது. லீவர் பாதி வழியில் பிடிவாதமாக நின்றுவிடும். அல்லது லீவர் ஒழுங்காக வந்துவிடும், கூடு மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஆனதும் துப்பாக்கிக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது எக்ஸ்ட்ராக்டரை. லீவரோடு முன்னும் பின்னும் நகர்ந்து குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் நுனியில் இருக்கும் சின்ன எஃகுக் கொக்கி அது. தோட்டாவின் அடிவிளிம்பைப் பற்றிப் பின்னால் இழுப்பது அதன் வேலை. இழுக்கவில்லை, ஆகவே குற்றவாளி அதுதான் என்று தீர்ப்பாகிவிடுகிறது. புதுக் கொக்கி வாங்கி மாட்டுகிறார்கள். கொஞ்ச நாள் ஓடுகிறது, மறுபடியும் சிக்குகிறது. என் கட்சி வேறு. பெரும்பாலான வழக்குகளில் கொக்கி நிரபராதி. தோட்டா உட்காரும் குழலின் பின்னறைதான் சேம்பர்; கூடு அதன் சுவரைத் தானாகவே விட்டு விலகியிருக்க வேண்டும். விலகிய கூட்டை வாசல் வரை கூட்டிக்கொண்டு போவது மட்டுமே கொக்கியின் பொறுப்பு. விலகாத கூட்டைப் பிடுங்கி எடுக்கச் சொல்வது அதன் தகுதிக்கு மீறிய வேலை. அது பற்றியிருக்கும் விளிம்பின் அகலம் லீவர் ரைபிள்களில் பரவலான .30-30 தோட்டாவில் ஒரு மில்லிமீட்டர்தான்.

ஆக, கூடு ஏன் விலகுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டா என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் நான்கு பொருள் உண்டு: முன்னால் ஈயக் குண்டு, நடுவில் மருந்து, பின்னால் தீப்பொறி தரும் பிரைமர், இவை மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. விசையை அழுத்தியதும் மருந்து பற்றி, ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் அழுத்தம் உச்சிக்கு ஏறுகிறது. .30-30 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் 2,850 மடங்கு. அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் புடைத்து, சேம்பரின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இது கோளாறு இல்லை. கூட்டைப் பித்தளையில் செய்வதே இதற்காகத்தான். அப்படி ஒட்டி அடைக்காவிட்டால் கொதிக்கும் வாயு பின்பக்கமாக வந்து சுடுபவர் முகத்தில் அடிக்கும். குண்டு குழலை விட்டுப் போனதும் அழுத்தம் விழுகிறது. அடைத்துக்கொண்ட பித்தளை இப்போது விட்டுக்கொடுக்க வேண்டும்.

எந்த உலோகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் இழுபட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். எல்லை தாண்டினால், தாண்டிய பங்கு நிரந்தரமாகத் தங்கிவிடும், எல்லைக்கு உட்பட்ட பங்கு மட்டும் திரும்பும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையை அச்சில் இழுத்து இழுத்துக் கடினமாக்கினால் அது ஏறத்தாழ 0.4 சதவீதம் திரும்பும். .30-30 கூட்டின் அடிப்பக்க விட்டம் 10.7 மி.மீ. அதில் 0.4 சதவீதம் என்றால் 0.04 மி.மீ. சேம்பரும் சும்மா இருப்பதில்லை. குழலின் சுவர் எவ்வளவு தடிமன் என்பதை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டால், அந்த உச்ச அழுத்தத்தில் எஃகும் 0.03 மி.மீ. அளவுக்கு விரிகிறது. ஆனால் அது தன் எல்லைக்குள்ளேயே இருப்பதால் முழுவதும் திரும்பி வந்துவிடும். கூடு 0.04 சுருங்குகிறது, சேம்பர் 0.03 சுருங்குகிறது. மிச்சம் 0.01 மி.மீ. தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. லீவர் இரண்டு விரலுக்கு வசப்பட்டுத் திறப்பது இந்த இடைவெளியின் தயவில்தான்.

எவர்சில்வர் டம்ளருக்குள் டம்ளர் சிக்கிக்கொண்டால் வீட்டில் என்ன செய்கிறோம்? வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து, உள் டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றுகிறோம். வெளியே இருப்பது விரிய வேண்டும், உள்ளே இருப்பது சுருங்க வேண்டும். சேம்பரில் அந்த வசதி கிடையாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. உள்ளே இருப்பது கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கினால்தான் பிழைப்பு.

இப்போது அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கிப் பாருங்கள். சேம்பரின் விரிவும் ஒன்றரை மடங்காகி 0.045 மி.மீ. ஆகிவிடும். பித்தளையோ 0.04-க்கு மேல் திரும்ப முடியாது. அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அதன் எல்லை கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். கணக்கு தலைகீழாகிவிட்டது. சேம்பர் சுருங்கி வந்து கூட்டை இறுக்கிப் பிடிக்கிறது. அதிக மருந்து போட்ட தோட்டாவில் லீவர் கல்லாகிப் போவதற்குக் காரணம் இதுதான். சேம்பர் கெட்டுப்போனதில்லை, கொக்கி தேய்ந்ததில்லை. அமெரிக்காவில் வெறுங்கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடும் பழக்கம் பரவலாக உண்டு. நல்ல வெயிலில், காரின் முன்கண்ணாடிக்கு அடியில் கிடந்த தோட்டா நிழலில் இருந்த தோட்டாவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். மருந்தின் வெப்பம் ஏறினால் எரியும் வேகமும் ஏறும். குளிர்காலத்தில் நிரப்பி, சரியாக வேலை செய்கிறது என்று நம்பிய அளவு, கோடையில் லீவரை இறுக்கிவிடுவது அதனால்தான்.

உலோகம் இளகியிருந்தாலும் இதே கதிதான். நன்றாகக் காய்ச்சி இளக்கிய பித்தளை 0.1 சதவீதம் அளவுக்கே திரும்பும். அதனால் தொழிற்சாலையில் கூட்டின் வாய்ப்பக்கத்தை மட்டும் சூடாக்கி இளக்கி, அடிப்பக்கத்தைக் கடினமாகவே விட்டுவிடுகிறார்கள். வாய் விரைவாக அடைக்க வேண்டும், அடி விரைவாக விட வேண்டும். விரல் நீளமுள்ள ஒரே கூட்டுக்குள் இரண்டு குணம்.

இந்தப் பாடத்தை அமெரிக்க ராணுவம் அடிபட்டுத்தான் கற்றது. 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், பூர்வகுடிகளான லக்கோட்டா, ஷையன் வீரர்கள் தளபதி கஸ்டரின் 7-ஆம் குதிரைப்படையை எதிர்கொண்டார்கள். அந்த வீரர்களில் கணிசமானவர்களிடம் ஹென்றி ரைபிளும் வின்செஸ்டர் 1866-உம் இருந்தன, இரண்டும் லீவர் வகை. ராணுவத்திடம் இருந்தது ஒவ்வொரு முறையும் கையால் ஒரு தோட்டா போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். அதன் தோட்டாக்கூடு செம்பு. செம்பு பித்தளையைவிட இளகியது, திரும்பும் குணம் குறைந்தது. போதாததற்கு, தோல் பெல்ட்டில் செருகி வைத்த செம்பில் தோலின் அமிலம் பட்டுப் பச்சைக் களிம்பு பூத்துவிடும். சண்டையில் உயிர்தப்பிய மேஜர் மார்கஸ் ரீனோ அடுத்த மாதமே ராணுவத் தளவாடத் தலைவர் ஸ்டீஃபன் வின்சென்ட் பெனேக்குக் கடிதம் எழுதினார்: தன் படையின் 380 கார்பைன்களில் ஆறு பயன்படாமல் போயின, கூட்டின் அடிப்பகுதி பிய்ந்து வந்துவிட்டது, உருளைப் பகுதி சேம்பரிலேயே தங்கிவிட்டது என்று. அந்தத் தோட்டாவின் பிரைமர் அமைப்பு அழைக்கப்பட்டதே பெனேயின் பெயரால்தான். கடிதத்தைப் படித்தபோது அவர் முகம் எப்படி இருந்ததோ!

சிக்கிய தோட்டாக்களால்தான் கஸ்டர் தோற்றார் என்று நெடுங்காலம் ஒரு கதை உலவியது. 1983-இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் இருவரும் மெட்டல் டிடெக்டரோடு களத்தைத் துழாவி ஆயிரக்கணக்கான பொருள்களைப் பொறுக்கினார்கள். கத்தியால் நெம்பி எடுத்த கீறல் இருந்தால் அந்தக் கூடு சிக்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட கூடுகள் மிகச் சிலவே அகப்பட்டன. தோல்விக்கு வேறு காரணங்கள் போதுமானவை இருந்தன. ஆனாலும் ராணுவம் செம்பைக் கைவிட்டுப் பித்தளைக்கு மாறியது.

லீவர் ரைபிளுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பலவீனம் உண்டு. சாதாரண போல்ட் ரைபிளில் கைப்பிடியை மேலே தூக்கும்போதே ஒரு சரிவான பரப்பு உரசி, கூட்டை ஒரு நூலளவு பின்னால் நெம்பிவிடும். அந்த முதல் அசைவுதான் முக்கியம். சேம்பர் பின்பக்கம் சற்றே அகன்ற கூம்பு என்பதால், ஒரு நூலளவு நகர்ந்துவிட்டால் பிடி முழுவதும் விட்டுப்போகும். லீவர் ரைபிள்களில் பலவற்றில் அப்படிப்பட்ட சரிவு கிடையாது. கையின் வலுவை லீவர் நேரடியாகவே போல்ட்டுக்குக் கடத்துகிறது.

இதில் வேடிக்கை, பழைய வடிவம் புதியதைவிடச் சாமர்த்தியமானது. பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ரைபிளிலும், அதன் வாரிசுகளான 1866, 1873 வின்செஸ்டர்களிலும், போல்ட்டுக்குப் பின்னால் இரண்டு இணைப்புத் துண்டுகள் ஒரே நேர்கோட்டில் நின்று முட்டுக் கொடுக்கும். லீவரைத் தள்ளினால் நடு மூட்டு வளையும். துண்டுகள் 5 டிகிரி வளையும்போது அவற்றின் மொத்த நீளம் 0.4 சதவீதம்கூடக் குறைவதில்லை. போல்ட் நகர்ந்ததே தெரியாது. ஆனால் மூட்டில் கொடுத்த விசை அந்தக் கோணத்தில் ஐந்து மடங்குக்கு மேல் பெருகிப் போல்ட்டில் சேர்கிறது. 20 டிகிரியில் அந்தப் பெருக்கம் ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிடும், அதற்குள் கூடு கழன்றிருக்கும். வலு வேண்டிய இடத்தில் வலுவும், வேகம் வேண்டிய இடத்தில் வேகமும் தானாகவே அமைந்த வடிவம். அதன் குறை, கனத்த தோட்டாவைத் தாங்காது. வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வின்செஸ்டரின் 1886, 1892, 1894 மாடல்களில் அதைத் தூக்கிவிட்டு, செங்குத்தாக ஏறி இறங்கும் எஃகுக் கட்டைகளால் போல்ட்டைப் பூட்டினார். பூட்டு பல மடங்கு உறுதியானது. முதல் அசைவில் கிடைத்த அந்தப் பெருக்கம் குறைந்தது.

பூட்டு இருக்கும் இடமும் கணக்கில் வரும். 1894 வின்செஸ்டரிலும், இன்னொரு லீவர் ரைபிளான மார்லின் 336-இலும் போல்ட்டைப் பின்பக்கம்தான் பூட்டுகிறார்கள். சுடும்போது போல்ட் முழு நீளத்துக்கும் நசுங்குகிறது, போல்ட்டைச் சூழ்ந்த உடற்பகுதியான ரிசீவர் நீள்கிறது, கூடும் அந்த அளவுக்கு நீண்டுவிடுகிறது. அழுத்தம் போனதும் எஃகு பழைய நீளத்துக்கு வந்து, நீண்டுபோன கூட்டைச் சேம்பருக்குள் அமுக்குகிறது. அகலத்தில் நடந்த அதே தகராறு நீளத்திலும். அளவுக்கு மீறிய தோட்டாவில் லீவரின் முதல் அரை அங்குலம் மட்டும் இறுக்கமாக இருந்து, பிறகு சரேலென்று விட்டால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

விளிம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். .45 கோல்ட் தோட்டா 1873-இலேயே வந்துவிட்டது. அதற்கு லீவர் ரைபிள் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் கிடையாது. நிறுவனங்களுக்கிடையே இருந்த போட்டி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அளந்து பார்த்தால் இன்னொன்று தெரியும்: இன்றைய .45 கோல்டில்கூட விளிம்பு கூட்டைவிட 0.4 மி.மீ.தான் துருத்திக்கொண்டிருக்கிறது. வின்செஸ்டர் லீவர் ரைபிளுக்காகவே வந்த .44-40-இல் 0.7 மி.மீ. .45 கோல்ட் ரிவால்வருக்காகப் பிறந்தது, அதில் வெறுங்கூட்டை முன்பக்கமிருந்து கம்பியால் தள்ளிவிடுவார்கள், விளிம்பைப் பற்ற வேண்டிய அவசியமே இல்லை. பின்னாளில் விளிம்புக்கு முன்னால் ஒரு பள்ளம் வெட்டிய பிறகே கொக்கிக்குப் பிடிமானம் கிடைத்தது. இப்போது .45 கோல்டில் லீவர் ரைபிள் தாராளமாக வருகிறது.

சரி, ரைபிள் சிக்கிவிட்டது. எங்கே பார்ப்பது? முதலில் என்ன நடந்தது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூடு சேம்பரிலிருந்து வெளியே வந்து, ஆனால் பறக்காமல் போல்ட்டின் முகப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தால், அது இழுக்கும் கோளாறே இல்லை, எறியும் கோளாறு. எஜெக்டர் என்ற வேறொரு பாகம் அதற்குப் பொறுப்பு. மார்லினில் அது ரிசீவரின் இடப்பக்கம் இருக்கும் வில்பட்டை, உடைவது உண்டு. அதைவிடச் சாதாரணமான காரணம், லீவரைக் கடைசி வரை தள்ளாதது. மெதுவாக, சந்தேகத்தோடு இயக்குபவர்கள் கையில் லீவர் ரைபிள் தகராறு செய்யும்.

கூடு சேம்பரிலேயே தங்கிவிட்டால், எப்படியாவது வெளியே எடுத்த பிறகு அதைக் குப்பையில் போடக் கூடாது. பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டியது ரைபிளுக்கு அல்ல, கூட்டுக்கு. விளிம்பில் ஒரு துண்டு பிய்ந்திருந்தால் கொக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, கூடுதான் வர மறுத்திருக்கிறது. பிரைமர் அப்பளமாகத் தட்டையாகியிருந்தால் அழுத்தத்தைச் சந்தேகிக்கலாம், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் கூடு நீண்டு மெலிகிறது, அடுத்த முறை அங்கேயே இரண்டாகப் பிரியலாம். சுவரில் சின்னச் சின்ன மேடுகளோ கீறல்களோ இருந்தால் சேம்பரில் குழி இருக்கிறது. பித்தளை புடைத்தபோது அந்தக் குழிக்குள் புகுந்து அச்செடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பழைய ரைபிள்களில் இது சகஜம். 1920-களின் இறுதி வரை பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகி உள்ளே படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவை அழைக்கும். தாத்தா சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தது பேரனின் கூட்டில் புள்ளியாகத் தெரிகிறது.

விளிம்பில் பிய்ந்த காயம் எதுவும் இல்லை, கொக்கி வழுக்கிய தேய்ப்பு மட்டும் இருக்கிறது, அந்தக் கூட்டைச் சுத்தமான சேம்பரில் மறுபடி போட்டால் தானாக உள்ளே விழுந்து, குழலை நிமிர்த்தினால் தானாக வெளியே விழுகிறது என்றால், அப்போது கொக்கியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். மார்லினில் அது போல்ட்டின் வலப்பக்கம் கவ்வி நிற்கும் வில் எஃகுத் துண்டு. அதன் அடியில் கரியும் பித்தளைத் தூளும் சேர்ந்து இறுகியிருந்தாலே விளிம்பை முழுதாகக் கவ்வ முடியாது. கழற்றித் துடைப்பதோடு பல வழக்குகள் முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்த கோளாறு .357 மேக்னம் ரைபிள்களில் வருவது. அந்த ரைபிளில் மலிவான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம், விட்டம் ஒன்றே. நீளம்தான் வேறு: .357 கூடு ஏறத்தாழ 33 மி.மீ., .38 கூடு 29 மி.மீ. சொச்சம். நாள் முழுக்க .38 சுட்டால், குட்டைக் கூட்டின் வாய்க்கு முன்னால் சேம்பரின் வெற்றுப் பகுதியில் கரியும் ஈயமும் மோதிரமாகப் படிந்து கெட்டியாகும். .38-க்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நாள் .357 போடும்போது அதன் வாய் அந்த மோதிரத்துக்குள் புகுந்து நெருக்கிக்கொள்கிறது. சுட்டதும் புடைக்க இடமில்லை, குண்டை விடுவதற்கே இடம் குறைவு, அழுத்தம் ஏறுகிறது, கூடு ஒட்டிக்கொள்கிறது. சுட்டவர் புதுத் தோட்டாவைத் திட்டுவார். குற்றம் போன மாதம் சுட்ட தோட்டாவினுடையது. வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் போதும், கை வலிக்கத் தேய்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு செலவில்லை.

அழுத்தம் குறைந்தாலும் தொல்லை உண்டு என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். .45 கோல்டின் வரம்பு வெறும் 14,000 பவுண்டு; அதிலும் லேசாக நிரப்பினால் கூட்டின் தடித்த சுவர் முழுதாகப் புடைப்பதில்லை. புகை சுவரோரமாகப் பின்னால் கசிந்து கூட்டின் ஒரு பக்கம் கறுத்துவிடும். அந்தக் கரி சேம்பரிலும் சேரும். நூறு தோட்டாவுக்குப் பிறகு லீவர் சொரசொரக்கத் தொடங்கும். பழைய .44-40-இன் வாய் மெல்லியது, குறைந்த அழுத்தத்திலும் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் கரிமருந்து சுடுபவர்கள் இன்றும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சிக்கும் கூட்டுக்கு எண்ணெய் தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. வேலை செய்யும் என்பதுதான் அதன் ஆபத்து. கூடு சேம்பர் சுவரைப் பற்றி உராய்வதால்தான் பின்னோக்கிய உந்துதலில் ஒரு பங்கு சுவரோடு நின்றுபோகிறது. எண்ணெய் அந்த உராய்வைப் பறித்துவிட்டால் முழு உந்துதலும் போல்ட் மேல், அதன் பூட்டின் மேல் விழும். பின்பக்கம் பூட்டும் ரைபிளில் அந்தச் சுமையை வலிந்து ஏற்றக் கூடாது. சேம்பர் உலர்ந்தே இருக்க வேண்டும்.

சிக்கியிருப்பது சுட்ட கூடு என்று உறுதியானால், முன்பக்கமிருந்து துடைப்புக் கம்பியை விட்டுத் தள்ளி எடுக்கலாம். சுடாத தோட்டா என்றால் கம்பி எடுக்கவே கூடாது, அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் மேசைக்குப் போக வேண்டிய விஷயம். விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா என்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

கூட்டைப் பார்த்தும் புலப்படாவிட்டால் பழுதுபார்ப்பவர் சேம்பரையே அச்செடுப்பார். அதற்கு செர்ரோசேஃப் என்றொரு உலோகக் கலவை; பிஸ்மத்தும் ஈயமும் பிரதானம். கொதிநீரின் வெப்பத்துக்கும் குறைவிலேயே உருகிவிடும். குழலுக்குள் சற்று தள்ளித் துணியை அடைத்து, சேம்பரில் ஊற்றி, ஆறவிடுவார்கள். முதல் அரை மணி நேரம் அது சுருங்கும். அதற்குள் தட்டினால் வெளியே வந்துவிடும். பிறகு அது மெல்லப் பெருக்கத் தொடங்கும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆனதும் சேம்பரின் அசல் அளவில் வந்து நிற்கும். மைக்ரோமீட்டரை அப்போது வைக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இன்னும் பெருத்துவிடும், அளவு பொய் சொல்லும்.